ஆழ்கடல் மீன்களில் நீண்டகால மாற்றத்தை அளப்பது எப்படி: கொல்லம் பரப்பை முன்வைத்து

முப்பது ஆண்டுக்கு முந்தைய ஆய்வறிக்கையையும் போன சீசனில் எடுத்த தரவையும் அருகருகே வைத்தால், ஏதாவது ஒரு வித்தியாசம் கண்ணில் படாமல் இருக்காது. மீன் ஆழத்துக்குப் போனது போலத் தெரியும், சிறுத்துப்போனது போலத் தெரியும், இரை மாறியது போலவும் தெரியும். இதில் எவ்வளவு மீனுடையது, எவ்வளவு வலையும் மாதமும் இழுத்த ஆழமும் உண்டாக்கியது என்று பிரிப்பதுதான் வேலை. அந்தப் பிரிப்பை எங்கே, எப்படிச் செய்வது என்பதே இந்த வழிகாட்டி. ஆராய்ச்சி மாணவர்களையும், விசைப்படகில் போய் மாதிரி எடுப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதியது.

களமாக எடுத்துக்கொள்வது கொல்லத்துக்கு மேற்கே ஏறத்தாழ 275 முதல் 375 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கொல்லம் பரப்பு. இந்தோ-நார்வேஜியத் திட்டத்தின் வருணா கப்பல் 1960களில் இங்கே ஆழ்கடல் இறாலைக் கண்டது. 1984இல் வந்த சாகர் சம்பதா ஆய்வுக் கப்பல் பின்னர் இந்தக் கண்டச்சரிவு முழுவதும் வலை இழுத்தது. 1990களின் இறுதியில் வணிக விசைப்படகுகள் இறாலுக்காக இறங்கின. சக்திகுளங்கரையிலும் நீண்டகரையிலும் மட்டுமல்ல, தூத்துக்குடியிலும் ஆழ்கடல் இறால் இறங்குகிறது. ஆக, மீன்பிடிப்புக்கு முந்தைய தரவும் பிந்தைய தரவும் கிடைக்கும் இடம் இது. இன்னும் பின்னோக்கிப் போனால் இன்வெஸ்டிகேட்டர் கப்பலின் மருத்துவர் ஆல்காக் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்த்த மாதிரிகள் இருக்கின்றன. எந்த இனம் அன்று இருந்தது என்று சொல்ல அவை உதவும். எவ்வளவு இருந்தது என்று சொல்ல உதவாது.

முதலில் இனத்தைத் தேர்ந்தெடுங்கள்

இறாலோடு வரும் எல்லா மீனையும் அளக்க ஆசைப்பட வேண்டாம். ஆயுள் வேறுபடும் இரண்டு மூன்று இனங்கள் போதும். ஒன்று, பச்சைக்கண் மீன் எனப்படும் க்ளோரோஃப்தால்மஸ் போல ஏராளமாக வருவது. இன்னொன்று, ஈரல் எண்ணெய்க்காகத் தூண்டிலிலும் பிடிக்கப்படும் சென்ட்ரோஃபோரஸ் சுறா போல மெதுவாக வளர்ந்து ஒன்றிரண்டு குட்டி மட்டும் போடுவது.

ஆயுள் ஏன் முக்கியம் என்பதற்கு நியூசிலாந்து, ஆஸ்திரேலியக் கடல்களின் ஆரஞ்சு ரஃபி நல்ல உதாரணம். அது முதிர்ச்சி அடையவே ஏறத்தாழ 30 ஆண்டு ஆகிறது. நூறு ஆண்டைத் தாண்டியும் வாழ்கிறது. அதன் செவிக்கல்லில் (உட்காதில் இருக்கும் சுண்ணாம்புக் கல்) உள்ள ஈயம், ரேடியம் விகிதத்தை அளந்து இந்த நீண்ட ஆயுளை 1991இல் உறுதிப்படுத்தியபோது, மீன்பிடிப்பு தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அந்த மீனில் பத்து ஆண்டுத் தரவு என்பது ஒரு தலைமுறைகூட இல்லை. மீன் முதிரும் உடல் அளவு குறைந்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது; பெரிய மீன்கள் எடுக்கப்பட்டுவிட்டன என்பதைத்தான் சொல்ல முடியும்.

பெயர் விஷயத்திலும் கவனம் வேண்டும். பழைய பட்டியலில் க்ளோரோஃப்தால்மஸ் அகாஸிசி என்று இருப்பதை இன்றைய பெயரோடு அப்படியே பொருத்தாதீர்கள். சென்ட்ரோஃபோரஸ் பேரினமோ இன்றும் குழப்பம் தீராத ஒன்று. பழைய மாதிரி அருங்காட்சியகத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள். இல்லாவிட்டால் பேரின அளவிலேயே ஒப்பிடுங்கள். இன்று எடுக்கும் ஒவ்வொரு இனத்துக்கும் குறைந்தது ஐந்து முழு மீன், பக்கவாட்டுப் படம், 95% எத்தனாலில் ஒரு தசைத் துண்டு ஆகிய மூன்றும் சேமிப்பில் இருக்கட்டும். சுறா என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்ட அட்டவணையில் உள்ள இனமா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

பரவல்: இங்கேதான் அதிகம் தவறுகிறது

ஒவ்வொரு இழுப்புக்கும் எழுத வேண்டியவை: வலை தரையைத் தொட்ட நேரம், தரையை விட்ட நேரம், இரண்டு இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும், தொடக்க ஆழம், முடிவு ஆழம், வேகம், விட்ட கம்பிவடத்தின் நீளம், வலைவாயின் மேல்கயிறான தலைக்கயிற்றின் நீளம், மீன் சேரும் கடைசிப் பையின் கண்ணி அளவு. கண்ணியை அறிக்கையில் பார்த்து எழுதாமல், நனைந்த வலையில் இருபது கண்ணியாவது நீங்களே அளந்து சராசரி எடுங்கள். பழைய குறிப்பில் ஆழம் பாகத்தில் இருந்தால் ஒரு பாகம் 1.83 மீட்டர். சில அறிக்கைகளில் பாகமும் மீட்டரும் கலந்து கிடக்கும். 200 என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தக் குறியிடத்தை ஆழ வரைபடத்தில் வைத்து எது என்று உறுதிசெய்யுங்கள்.

வலை வாரிய பரப்புக் கணக்கு எளிது. 3 நாட் வேகத்தில் ஒரு மணி நேரம் இழுத்தால் 5.556 கி.மீ. தலைக்கயிறு 40 மீட்டர். அதில் பாதிதான் உண்மையில் விரிகிறது என்று கொண்டால் அகலம் 20 மீட்டர். பரப்பு 0.111 சதுர கி.மீ. அந்த இழுப்பில் 25 கிலோ பச்சைக்கண் மீன் வந்தால் அடர்த்தி சதுர கி.மீ.க்கு 225 கிலோ.

இப்போது இரண்டு சின்ன விஷயங்களை மாற்றிப் பாருங்கள். விரிவை 0.5 என்பதற்குப் பதிலாக 0.4 என்று ஒருவர் எடுத்திருந்தால் அதே மீன் 281 கிலோ ஆகிறது. அல்லது வின்ச்சை நிறுத்திய நேரத்திலிருந்து மணியை எண்ணியிருந்தால்: 300 மீட்டரில் வலை தரையில் உட்கார இன்னொரு 15 நிமிடம் பிடித்தது என்று வைத்தால், தரையில் இருந்தது 60 நிமிடம், எழுதியது 75 நிமிடம், அடர்த்தி 180 கிலோவாக இறங்குகிறது. ஒரே மீனுக்கு 180, 225, 281 என்று மூன்று விடை. இரண்டு ஆய்வுகளுக்கு இடையே இருபது, இருபத்தைந்து விழுக்காடு வித்தியாசத்தை மாற்றம் என்று எழுதுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. வசதி இருந்தால் வலையை விரிக்கும் பலகைகளில் விரிவு உணரியும் அடிக்கயிற்றில் தரைதொடு உணரியும் மாட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய ஆய்வு எந்த எண்ணைக் கொண்டதோ அதையே இரண்டு காலத்துக்கும் போடுங்கள். எண் சரியாக இல்லாவிட்டாலும் ஒப்பீடு நிற்கும்.

அடுத்தது ஆழம். "மீன் ஆழத்துக்குப் போய்விட்டது" என்ற முடிவு வெறும் சராசரியில் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். முதல் காலத்தில் 200-300 மீட்டரில் 20 இழுப்பு, 300-400 மீட்டரில் 5. இரண்டாம் காலத்தில் இறால் தேடிப் படகுகள் கீழே இறங்கியதால் முறையே 5, 20. இரண்டு அடுக்கிலும், இரண்டு காலத்திலும் மீன் அடர்த்தி ஒன்றே என்று கொள்ளுங்கள். பிடிபட்ட மீனின் சராசரி ஆழம் 270 மீட்டரிலிருந்து 330 மீட்டராகிவிடும். ஒரு மீன்கூட நகரவில்லை. சரியான வழி, ஒவ்வொரு அடுக்கின் சராசரி அடர்த்தியைத் தனியாக எடுத்து, அடுக்கின் நடு ஆழத்தை அந்த அடர்த்தியால் எடைபோடுவது. அப்போது இரண்டு காலத்துக்கும் 300 என்ற விடைதான் வரும். இரண்டில் ஏதாவது ஒரு காலத்தில் இழுப்பு இல்லாத அடுக்கை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும், மனம் வராவிட்டாலும்.

புள்ளியியல் மாதிரி போடுபவர்கள் மொத்த மீனை எதிர்மறை ஈருறுப்புப் பரவலில் வைத்து, வாரிய பரப்பின் மடக்கையை ஆஃப்செட்டாகக் கொடுத்து, ஆழத்துக்குக் காலத்துக்கொரு தனி வளைவு விடுவது வழக்கம். ஆர் மென்பொருளில் எம்ஜிசிவி தொகுப்பு போதும். மாதத்தையும் பகல், இரவையும் கட்டாயம் சேருங்கள். விளக்கு மீன்கள் இரவில் மேலே ஏறிவிடும் என்பதால், பகல் இழுப்பையும் இரவு இழுப்பையும் கலந்தால் அவற்றின் கணக்கு முழுக்கக் கெட்டுவிடும். தரையில் இழுத்த வலை மேலே வரும் வழியிலும் அவற்றை அள்ளிக்கொண்டு வரும். அவற்றைத் தரைமீன் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

மாதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரையும், கன்னியாகுமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடைக்காலம். தூத்துக்குடி உள்ளிட்ட கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. படகுத் தரவில் இந்த மாதங்கள் ஓட்டையாகவே இருக்கும். தென்மேற்குக் கரையில் அந்த மாதங்களில்தான் அடிநீர் மேலெழுந்து, ஆக்சிஜன் குறைந்த நீர் கண்டத்திட்டு வரை ஏறுகிறது. ஆய்வுக் கப்பல் ஆகஸ்ட்டில் இழுத்ததையும் படகு ஜனவரியில் இழுத்ததையும் ஒப்பிட்டால் அளப்பது பருவத்தை, ஆண்டுகளை அல்ல. முடிந்தால் ஒவ்வொரு நிலையத்திலும் சி.டி.டி. (உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் கருவி) இறக்கி ஆக்சிஜன் எடுங்கள். ஆக்சிஜன் உணரியை வின்க்ளர் எனும் வேதி முறையால் சரிபாருங்கள், ஏனென்றால் அரபிக்கடலின் குறைந்த அளவுகளில் சின்னப் பிழைகூடப் பெரிதாகத் தெரியும்.

ஏலக்கூடத் தரவை மட்டும் நம்புபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முன்பு கடலிலேயே கொட்டப்பட்ட கழிசல் இப்போது மீன்தூள் ஆலைக்காகக் கரைக்கு வருகிறது. கழிசலில் வரும் ஆழ்கடல் மீனான எலிவால் மீன் கரையில் பெருகியது போலத் தெரிந்தால், முதலில் கேட்க வேண்டியது அதன் விலையை.

படகில் கழிசல் குவியல் பெரிதாக இருக்கும்போது பகுதிமாதிரிதான் வழி. குவியலை மண்வெட்டியால் நன்றாகக் கலக்கி, வெவ்வேறு இடங்களிலிருந்து அள்ளுங்கள். மொத்தம் 180 கிலோவில் 20 கிலோ எடுத்தால் பெருக்குத்தொகை 9. சுறா, திருக்கை போன்ற பெரிய, அரிய மீன்களைக் கலக்குவதற்கு முன்பே முழுவதும் பொறுக்கி எடுத்துத் தனியாக எழுதுங்கள். அவற்றுக்கு 9ஆல் பெருக்கக் கூடாது. குவியலில் தற்செயலாக அகப்பட்ட ஒரே ஒரு சுறா ஒன்பது சுறாவாக மாறி அட்டவணையில் ஏறுவது அடிக்கடி நடக்கிறது.

இத்தனை நிபந்தனையும் சாத்தியமா என்று தோன்றலாம். அயர்லாந்துக்குத் தென்மேற்கே போர்க்குப்பைன் பகுதியில் 1977-1989, 1997-2002 என்று இரண்டு காலத்தில், 800 முதல் 4800 மீட்டர் வரை, ஒரே வகை வலையால் இழுத்தார்கள். வணிக மீன்பிடிப்பு ஏறத்தாழ 1600 மீட்டர் வரைதான். ஆனால் மீன் குறைந்தது 2500 மீட்டர் வரை தெரிந்தது. பல இனங்களின் ஆழ வரம்பு மீன்பிடி எல்லையின் இருபுறமும் பரவியிருப்பதால், மேலே பிடித்தது கீழேயும் குறைவாகத் தெரிகிறது. வலை ஒன்றாக இருந்ததால்தான் இந்த முடிவை யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

இரை: காலி வயிறு எப்போது காலி?

ஆழத்திலிருந்து மேலே வரும்போது காற்றுப்பை உப்பி, வயிறு புரண்டு வாய் வழியே பிதுங்கி வரும். எலிவால் மீன்களில் இது சாதாரணம். இப்படிப் புரண்ட வயிற்றைக் "காலி" என்று எழுதினால், மீன் பட்டினி கிடக்கிறது என்ற பொய்யான முடிவு வரும். 300 மீட்டர் மீனை 900 மீட்டர் மீனோடு ஒப்பிடும்போது அது இன்னும் மோசமாகும். படிவத்தில் நான்கு கட்டம் வையுங்கள்: உணவு உள்ளது, காலி, புரண்டது, ஓரளவு வெளியேறியது. வயிறு காலியா, புரண்டு திரும்ப உள்ளே போனதா என்று சந்தேகம் வந்தால் பித்தப்பையைப் பாருங்கள். வெகுநேரம் உண்ணாத மீனில் அது பொதுவாக நிறைந்து அடர்நிறமாக இருக்கும். அண்மையில் உண்டதில் சுருங்கியிருக்கும். வாயிலும் தொண்டையிலும் மட்டும் இருக்கும் செரிக்காத இறால் வலைக்குள் விழுங்கியது, கணக்கில் சேராது.

வயிற்றை உணவுக்குழாயிலும் குடல்வாயிலும் கட்டி அறுத்து, பென்சிலால் எழுதிய லேபிளை உள்ளே போட்டு உறையவையுங்கள். இரை இனத்தைப் படிக்க உறைந்தது போதும். இரையின் செவிக்கல்லும் கணவாயின் அலகும் கடைசி வரை செரிக்காமல் நிற்கும்; அவையே அடையாளம். அமிலத்தன்மை நீக்காத ஃபார்மலினில் போட்டால் செவிக்கல் கரைந்துபோகும். பழைய புட்டிகளில் மீன் இரை "இல்லாமல்" போனதற்குச் சில நேரம் இதுவே காரணம்.

ஒவ்வொரு இரைக்கும் எண்ணிக்கை விழுக்காடு, எடை விழுக்காடு, எத்தனை வயிற்றில் இருந்தது என்ற விழுக்காடு ஆகிய மூன்றையும் தனித்தனியாக வெளியிடுங்கள். மூன்றையும் கலந்த குறியீட்டை மட்டும் வெளியிட்டால், பின்னால் வருபவர் எதனோடும் ஒப்பிட முடியாது. வயிறு கூடக்கூடப் புதிய இரையினம் எத்தனை சேர்கிறது என்ற வளைவைப் போட்டு, அது தட்டையாகும் வரை மாதிரி எடுங்கள். ஒப்பீடு எப்போதும் ஒரே நீள வகுப்புக்குள், ஒரே ஆழ அடுக்குக்குள், ஒரே பருவத்துக்குள் நடக்கட்டும். பெரிய மீன் பிடிபட்டுப் போன கடலில் சராசரி இரை மாறுவது இயல்பு, ஏனெனில் மீதி இருப்பவை சின்ன மீன்கள்.

வயிறு சொல்வது நேற்றைய சாப்பாட்டை. மாதக்கணக்கு தெரிய, முதுகுத் துடுப்புக்குக் கீழுள்ள வெள்ளைத் தசையில் 2 கிராம் எடுத்து நைட்ரஜன்-15, கார்பன்-13 ஐசோடோப்புகளை அளவிடுங்கள். நைட்ரஜன்-15 ஓர் உணவுப் படிக்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3.4 கூடும். கார்பன், நைட்ரஜன் விகிதம் 3.5ஐத் தாண்டினால் கொழுப்பு மிகுதி. அப்போது அளந்த கார்பன்-13 மதிப்பிலிருந்து 3.32ஐக் கழித்து, விகிதத்தை 0.99ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். சுறாத் தசையில் யூரியா இருப்பதால் நைட்ரஜன்-15 குறைவாகக் காட்டும். அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசி உலர்த்தியபிறகே அனுப்புங்கள்.

அரபிக்கடலில் இன்னொரு சிக்கல். ஆக்சிஜன் குறைந்த அடுக்கில் பாக்டீரியா நைட்ரேட்டைச் சிதைக்கும்போது மிச்சமிருக்கும் நைட்ரேட்டில் நைட்ரஜன்-15 ஏறிவிடுகிறது. அந்த ஏற்றம் உணவுச்சங்கிலி வழியாக மீன் வரை வரும். இரண்டு காலத்துக்கு இடையே மீனின் மதிப்பு கூடியிருந்தால், அது மேல்படிக்குப் போனதா, அடித்தளமே உயர்ந்ததா? பதில் சொல்ல, அதே இழுப்பில் வந்த ஓர் இறால் இனத்தையும், மேல்நீரின் விலங்கு மிதவை உயிரிகளையும் சேர்த்து அளக்க வேண்டும். இது இல்லாத ஐசோடோப்பு ஒப்பீட்டை வெளியிடாமல் இருப்பதே மேல். கார்பன்-13இலும் புதைபடிவ எரிபொருள் புகையால் பத்தாண்டுக்குப் பத்தாண்டு கடலின் மதிப்பு இறங்கிவருகிறது. அருங்காட்சியக மாதிரியோடு ஒப்பிட்டால் அதைத் திருத்துங்கள். ஃபார்மலின் தரும் மாற்றத்தையும் தனியாகக் கணக்கிடுங்கள்.

இனப்பெருக்கம்

முதிர்ச்சி நிலையைப் புதிய மீனிலேயே பாருங்கள். உறைந்து உருகிய சினையில் நிறமும் ரத்தநாளமும் போய்விடும். அதிகம் குழம்புவது இன்னும் முதிராத மீனுக்கும், முட்டையிட்டு ஓய்வில் இருக்கும் மீனுக்கும் இடையே. பருவம் தவறி எடுத்தால் ஓய்வில் இருப்பவை முதிராதவையாகப் பதிவாகி, பாதி மீன் முதிரும் நீளம் செயற்கையாகக் கூடும். அந்த நீளத்தைக் கணிக்க உச்சப் பருவத்திலோ அதற்குச் சற்று முன்போ எடுத்த மீனை மட்டும் பயன்படுத்துங்கள்.

கண்பார்வையைச் சரிபார்க்க ஒவ்வொரு நிலைக்கும் பத்து மீனாவது திசு அறுவைக்குப் போகட்டும். சினைப்பையின் நடுப்பகுதியில் 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாத துண்டு, அதைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில். கரைசல்: கடையில் கிடைக்கும் ஃபார்மலின் 100 மில்லி, காய்ச்சிவடித்த நீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் பாஸ்பேட் 6.5 கிராம். 24 முதல் 48 மணி நேரம் கழித்து 70% எத்தனாலுக்கு மாற்றுங்கள். படகின் மூடிய அறையில் இதைத் திறக்காதீர்கள், மேல்தளத்தில், கையுறையோடு. பிறகு 5 மைக்ரான் சீவல், ஹீமடாக்சிலின்-இயோசின் சாயம். முட்டை வெளியேறிய வெற்றுக் கூடுகள் தெரிந்தால் அண்மையில் முட்டையிட்ட மீன். மஞ்சள்கரு சேர்ந்த முட்டைகள் கூட்டமாகச் சிதைந்து உறிஞ்சப்பட்டிருந்தால் அந்த ஆண்டு முட்டையிடாமல் விட்டிருக்கக்கூடும். ஆரஞ்சு ரஃபியில் முதிர்ந்த மீன்களில் ஒரு பகுதி ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடுவதில்லை. இதைக் கவனிக்காவிட்டால் முட்டை உற்பத்தியைக் கூட்டிக் கணக்கிடுவோம்.

ஜி.எஸ்.ஐ. (உடல் எடையில் இனப்பெருக்க உறுப்பின் பங்கு) கணக்கில் வகுக்க வேண்டியது குடல் நீக்கிய உடல் எடையால். முழு எடையால் வகுத்தால் வயிறு நிறைந்த மீனுக்கும் வயிறு புரண்ட மீனுக்கும் விடை மாறும். பழைய ஆய்வு முழு எடையைக் கொண்டிருந்தால் இரண்டு எடையையும் எடுத்துவைத்து இரண்டு விதமாகவும் கணக்கிடுங்கள்.

பச்சைக்கண் மீனில் ஆண், பெண் என்று இரண்டு கட்டம் மட்டும் உள்ள படிவம் உதவாது. ஒரே மீனில் சினைப்பகுதியும் விந்துப்பகுதியும் சேர்ந்தே இருக்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் சினையைப் பார்த்து "பெண்" என்று எழுதியதால் வந்த பால்விகிதத்துக்கு ஒரு பொருளும் இல்லை. அந்த விகிதம் முப்பது ஆண்டில் மாறியது என்பதற்கும் இல்லை. இரண்டு பகுதியின் நிலையையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

சென்ட்ரோஃபோரஸ் சுறாவில் ஆணுக்கு இணைசேர உதவும் கவ்வுறுப்பின் நீளத்தையும் அது கெட்டிப்பட்டதா என்பதையும், பெண்ணுக்குச் சினைப்பையில் உள்ள மிகப் பெரிய முட்டையின் விட்டத்தையும் கருப்பையின் அகலத்தையும் குட்டிகளின் எண்ணிக்கையையும் நீளத்தையும் எழுதுங்கள். சினைச்சுறா தூண்டிலிலோ வலையிலோ இழுபடும்போது குட்டியைப் போட்டுவிடும். தளர்ந்து விரிந்த வெற்றுக் கருப்பையைக் "கர்ப்பம் இல்லை" என்று எழுதக் கூடாது. "போட்டிருக்கலாம்" என்று தனிக் கட்டம் வேண்டும். குட்டி எண்ணிக்கையே ஒன்றிரண்டாக இருக்கும் இனத்தில் இந்த ஒரு கட்டம் முழு முடிவையும் புரட்டும்.

தரவைச் சேமிக்கும்போது

மீன் கிடைக்காத இழுப்பையும் பூஜ்யம் என்று பதிவுசெய்யுங்கள். வெற்றுக் கட்டமாக விட்டால், தேடவில்லையா, தேடியும் இல்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது. நீளம் முழு நீளமா, வால்கவை வரையா, எலிவால் மீனில் மூக்கு முதல் மலவாய் வரையா என்று ஒவ்வொரு வரிசையிலும் இருக்கட்டும். எலிவாலின் வால் நுனி வலையில் அறுந்துபோகும் என்பதால் அதற்கு முழு நீளம் பயன்படாது. ஃபார்மலினிலும் உறைபெட்டியிலும் மீன் சுருங்கும். எந்த நிலையில் அளந்தது என்பதையும் சேருங்கள். கச்சாத் தரவை, சுருக்க அட்டவணையை அல்ல, கொச்சியிலிருந்து இயங்கும் இண்டோபிஸ் என்ற கடல் உயிரினத் தரவுக் களஞ்சியத்துக்கு அனுப்பலாம். கூடவே படிவத்தின் வெற்று நகல் ஒன்றையும், வலையின் அளவு குறித்த வரைபடத்தையும் இணையுங்கள்.